சுவருக்குள் போகிற வேலை: யாரும் பார்க்காதபோதும் ஒழுங்காகச் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

எர்த் கம்பியைக் கட்டினாலும் ஃபேன் சுற்றும், கட்டாவிட்டாலும் சுற்றும். என் தொழிலில் இதைவிட ஆபத்தான உண்மை எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் சுவிட்சைத் தட்டுவார், விளக்கு எரியும், காசைக் கொடுத்துவிடுவார். சுவருக்குள் என்ன கிடக்கிறதென்று அவர் பார்க்கப்போவதில்லை. நாளைக்குக் கொத்தனார் வந்து பூசிவிட்டால் நானே நினைத்தாலும் பார்க்க முடியாது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக வயரிங் செய்கிறேன். தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகள், கடைவீடுகள், கோயில், தோட்டத்தில் இன்னும் இடிக்காமல் விட்டிருக்கும் தொழிலாளர் லயன் வீடுகள், எல்லாம் உண்டு. வேலை பழக வரும் பையன்களிடம் "யாரும் பார்க்காவிட்டாலும் நேர்மையாக இரு" என்று சொன்னால் நன்றாகத் தலையாட்டுவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில் சீலிங்குக்குள் ஊர்ந்து போகும்போது அந்த வாக்கியம் ஒன்றுக்கும் உதவாது. எனக்கே உதவாமல் போயிருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். அதனால் புத்திமதியை விட்டுவிட்டு முறையை மட்டும் எழுதுகிறேன்.

உதாரணமெல்லாம் பெரும்பாலும் வயரிங்தான். நீங்கள் தைப்பவராக இருக்கலாம், கார் பட்டறையில் இருக்கலாம், கணக்கு எழுதலாம், உங்கள் வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு மின்சாரம் லைன் லைனாகப் பிரியும் டிபி பெட்டியைத் தாங்களே திறக்காதீர்கள். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

முதல் படி: எது மறையப்போகிறது என்று கண்டுபிடியுங்கள்

எந்த வேலையிலும் எல்லாமே மறைவாக இருப்பதில்லை. ஒரு பகுதிதான் கண்ணுக்குத் தெரியாமல் போகும், கை இழுத்துக்கொள்வதும் அங்கேதான். வேலை தொடங்குமுன் அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் வயரிங்கில் கற்கவில்லை, அம்மாவிடம் கற்றேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கிவிடுவார், ஐந்நூறு மரத்துக்கு மேல். காலைக் குளிரில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஸ்டோரில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர், பார்ப்பது வாளியில் எவ்வளவு பால் என்பதை. அவர் பார்க்காதது கத்தி எவ்வளவு ஆழம் போனது என்பதை.

விஷயமே அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. பட்டைக்குள் பால் குழாய்கள் உள்பக்கம் போகப் போக நெருக்கமாக இருக்கும், மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிர்த்தோலுக்குப் பக்கத்தில்தான் அதிகம். ஆக, கொஞ்சம் ஆழமாக இழுத்தால் இன்றைக்குப் பால் கூடும். உயிர்த்தோலையே தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப் பட்டை வழவழவென்று வளராமல் முண்டும் முடிச்சுமாக வளரும். அதே பக்கத்துக்குத் திரும்ப வெட்ட வருவது பல வருஷம் கழித்து. அப்போது அங்கே கத்தி ஓடாது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவிட்டுச் சீவ வேண்டும், அதுவும் இருட்டில். மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டைத் திறந்து திறந்து சீவும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் அதன் இயக்குநர் ரிட்லி செய்து காட்டிய பிறகுதான் இந்த நாட்டில் ரப்பர் தொழிலாக நின்றது. 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று பெரிய மரமாக எங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. போனால் பாருங்கள்.

ஐந்நூறு மரத்தையும் மேற்பார்வை பார்க்கும் தண்டல் தடவிப் பார்க்கப் போவதில்லை. அம்மாவுக்கு அது தெரியும். "மரத்துக்குத் தெரியும்டா" என்பார். சின்ன வயதில் அதைச் சாமி கண்ணைக் குத்தும் என்கிற ரகப் பேச்சென்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மரத்தில் பதிந்துவிடும் என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

வயரிங்கில் மறைவது நான்கு: கம்பியின் தடிமன், சீலிங்குக்குள் இருக்கும் இணைப்பு, எர்த், திருகின் இறுக்கம். என் வேலையில் வரும் ஏமாற்று எல்லாம் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். உங்கள் வேலைக்கும் இப்படி மூன்றோ நான்கோதான் இருக்கும், பத்து வராது. ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: "முடிந்தது" என்பதற்கு ஓர் அளவு வையுங்கள்

மனசாட்சியை நம்பி வேலை செய்தால் மனசாட்சி சாயங்காலம் ஐந்து மணிக்குக் களைத்துப்போகும். எண் களைக்காது.

சுவர் பூசுவதற்கு முன்னால் 500 வோல்ட் மெக்கர் என்ற சோதனைக் கருவியைப் போட்டு, கம்பிகளுக்கு இடையே மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பை அளக்கிறேன். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எங்கேயோ தோல் கிழிந்திருக்கிறது அல்லது ஈரம் ஏறியிருக்கிறது. புது வயரிங் என்றால் அதைவிட எத்தனையோ மடங்கு மேலே காட்ட வேண்டும், அதனால் 3, 4 என்று வந்தாலும் நான் சும்மா விடுவதில்லை, தேடுவேன். அப்புறம் எர்த் கம்பியின் இரண்டு முனைக்கும் மீட்டர் வைத்துத் தொடர்ச்சி பார்ப்பது, ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் தனித்தனியாக. "ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும்" என்பது இந்தத் தொழிலின் பெரிய பொய்.

மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கும் இது உதவும். பிளக் பாயிண்ட் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர், குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் என்று போடுகிறோம். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அந்தப் பட்டன் சோதிப்பது பெட்டிக்குள் இருக்கும் விசையை மட்டும்தான். எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் 'டக்'கென்று விழும். வேலையை ஒப்படைக்கும்போது வீட்டுக்காரர் எதிரில் பட்டனை அழுத்திக் காட்டி, "பாத்தீங்களா அண்ணே, எல்லாம் ஓக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. எர்த் இருக்கிறதா, எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது என்பதையெல்லாம் காட்ட வேறு கருவி இருக்கிறது. அதைத்தான் மாட்ட வேண்டும்.

திருகுக்கு எண் தேவையில்லை, கை போதும். முடுக்கியபின் கம்பியைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். திருகு செம்பைக் கடிக்காமல் மேல் தோலைக் கடித்திருந்தால் அன்றைக்கு விளக்கு எரியும், ஆறு மாதமும் எரியும். பிடி சரியில்லாத இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். 3.6 கிலோவாட் ஹீட்டர் இழுப்பது சுமார் 15 ஆம்பியர். தளர்ந்த திருகு வழியாகத் தினமும் அது ஓடினால் ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வரும்.

மூன்றாம் படி: விலை பேசும்போதே நேர்மைக்குக் காசு சேருங்கள்

இந்தப் படியை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

நான் பார்த்தவரை பெரும்பாலான ஏமாற்று வேலை சீலிங்குக்குள் தொடங்குவதில்லை, விலை பேசும் மேசையில் தொடங்குகிறது. பக்கத்துக் கடைக்காரர் 3,000 ரிங்கிட் சொன்னார் என்பதற்காக நீங்கள் 2,400 சொல்லிவிட்டீர்கள். அந்தக் காசுக்குள் ஒழுங்கான வேலை அடங்காது. அடுத்து என்ன, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட வேண்டிய இடத்தில் 1.5 போகும், சிரிம் தர முத்திரை இல்லாத, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி போகும், இணைப்புப் பெட்டிக்குப் பதிலாக முறுக்கி டேப் சுற்றுவது போகும். அன்றைக்கு மத்தியானம் அந்த ஆள் கெட்டவனாகவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே, 2,400 என்று வாயைத் திறந்தபோதே வேறு வழி இல்லாதவனாகிவிட்டான்.

அதனால் விலைப்பட்டியலில் "டெஸ்டிங்" என்று தனி வரி போடுங்கள், அரை நாள் கூலி. அதை ஏன் போட்டீர்கள் என்று கேட்டால் விளக்கமாகச் சொல்லுங்கள். சிலர் "அதெல்லாம் வேண்டாம் தம்பி, லைட் எரிஞ்சா போதும்" என்பார்கள். அந்த வேலையை விட்டுவிடுங்கள். முதல் சில வருஷம் இது வலிக்கும், வீட்டில் திட்டும் விழும். நான் அப்படி விட்ட வேலைகளில் பாதி வேறொருவருக்குப் போனது, போகட்டும்.

இந்த இடத்தில் மனதில் கிடப்பதைக் கொட்டிவிடுகிறேன். நேர்மையைப் பற்றிய பேச்சு எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும். தோட்டத்தில் பாலில் தண்ணீர் கலக்காதே என்று பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்கவைத்துச் சொல்வார்கள். சரி, கலக்கக் கூடாதுதான். ஆனால் அதே ஸ்டோரில் வாளியை நிறுக்கும்போது முள் எங்கே நின்றது என்று எட்டிப் பார்க்க அம்மாவுக்கு அனுமதி இல்லை. கிராணி எழுதினதுதான் எடை, அதுவும் எப்போதும் கீழ்ப்பக்கமாகவே முழு எண்ணாகும். யாரும் பார்க்காத வேலை என்றால் அது கூலிக்காரன் வேலை மட்டுமா? தராசு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் இந்த வழிகாட்டியை முதலில் படிக்க வேண்டும். நீங்கள் இரண்டு ஆளை வைத்து வேலை வாங்குபவராக இருந்தால், சம்பளத்தை முதலில் ஒழுங்காகக் கொடுங்கள். பிறகு அவர்கள் கட்டும் எர்த்தைப் பற்றிப் பேசலாம்.

நான்காம் படி: கை தளரும் நேரத்தைத் தெரிந்து வையுங்கள்

தனியாக வேலை எடுக்கத் தொடங்கிய முதல் வருஷம். தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு தாமான் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷினுக்குப் புது பிளக் பாயிண்ட். சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டது, இன்னொரு வீட்டில் காத்திருக்கிறார்கள். எர்த் கம்பி கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது, முனைக்கு எட்டவில்லை. நீட்டிக் கட்ட வேண்டும், பத்து நிமிஷ வேலை. நாளைக்கு வந்து கட்டிக்கொள்ளலாம் என்று பின்னால் மடக்கி வைத்து மூடிவிட்டேன். மெஷின் ஓடியது. நாளைக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. அப்புறம், கூச்சப்படாமல் சொல்கிறேன், மறந்தே போனது.

எட்டு மாதம் கழித்து அந்த அக்கா போன் பண்ணினார். "தம்பி, துணி எடுக்கறப்ப மெஷின் ஓரத்தத் தொட்டா சுர்ருங்குது. எனக்குத்தான் நரம்புக் கோளாறோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஆர்சிசிபி ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். கசிந்த மின்சாரம் போக எர்த் வழி இல்லை. மெஷினின் உடம்பிலேயே நின்றுகொண்டு, தொட்டவர் வழியாகக் கொஞ்சமாக இறங்கியது, 30 மில்லி ஆம்பியருக்கு எவ்வளவோ கீழே. உள்ளே ஏதாவது கம்பி கழன்று மெஷினின் தகரத்தில் பட்டிருந்தால் நிலைமை வேறு. அந்த "வேறு" என்னவென்று நான் பல ராத்திரி நினைத்திருக்கிறேன்.

போய்த் திறந்து கட்டினேன். கம்பி பழசாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. "அக்கா, உங்க நரம்பு இல்ல, என் வேலைதான். அன்னிக்கு எர்த் கட்டாம மூடிட்டேன்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டே கேள்வி. "இப்ப கட்டிட்டியா?" கட்டிவிட்டேன் என்றேன். "மத்த பிளக்கெல்லாம்?"

அந்த வீட்டில் நான் போட்டது பதினொன்று. சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் கண்ணுக்கு முன்னால் மீட்டர் வைத்துக் காட்டினேன். மற்ற பத்தும் சரியாக இருந்தன. ஆனால் அதைச் சொல்ல என் வாய் அன்றைக்குப் போதவில்லை, மீட்டர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொண்ட நடைமுறை: மறையும் வேலை எல்லாம் காலையில், முகப்பு மாட்டுவது, துடைப்பது, கூட்டுவது எல்லாம் சாயங்காலம். மத்தியானம் நான்கு மணிக்கு மேல் எந்தப் பெட்டியையும் நான் மூடுவதில்லை. மெயினை இறக்கி, பெட்டியைத் திறந்தபடியே விட்டு, சிவப்பு டேப் ஒட்டிவிட்டு வருவேன். அசிங்கமாகத்தான் இருக்கும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். மூடிய பெட்டி எதையும் ஞாபகப்படுத்தாது, திறந்த பெட்டி உங்களைத் திரும்ப வரவைக்கும்.

தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள், காசு வாங்காமல் சரிசெய்யுங்கள், கேட்காத இடத்தையும் திறந்து காட்டுங்கள். இதில் மேற்கொண்டு விளக்க ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: மூடுவதற்கு முன் படம், மூடியபின் தேதி

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது அவருக்கு உதவும். உங்களுக்கும் உதவும். அனுப்பப்போகிறோம் என்று தெரிந்தால் கை தானாகவே நேராகப் போகும். அப்புறம் டிபி பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு சின்னத் தாள், அதில் தேதி, அளந்த எண்கள், எந்த லைன் எங்கே போகிறது, செய்தவர் பெயர். பெயர் போடுவது விளம்பரத்துக்கு இல்லை, திட்டுகிறவருக்கு ஓர் ஆள் வேண்டுமே!

ஆறாம் படி: திரும்பிப் போய்ப் பாருங்கள்

மறைந்த வேலையின் பெரிய சிக்கல், அதன் பலன் தாமதமாக வருவது. என் அத்தை எழுபதுகளில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பூவுக்கு மருந்தடிக்கிற மாதிரி ஒரு வேலை செய்தார். மருந்து இல்லை, மகரந்தத் தூள். டால்க் மாவோடு கலந்து பெண் பூக்களின்மேல் ஊத வேண்டும். ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து 1981இல் ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை வண்டு கைக்குப் போனது. முள் மட்டைக்கு நடுவே தலையை விட்டு ஊத வேண்டும், கை முழுக்கக் கீறல். ஊதாமல் போனாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். அப்போது காய் பிடிக்காத குலையைப் பார்த்து வெயிலைக் குறை சொல்வார்கள், மண்ணைக் குறை சொல்வார்கள்.

இதனால் வருவது ஏமாற்று மட்டுமில்லை. நேர்மையாகச் செய்கிறவருக்கும் தன் வேலை எப்படி இருக்கிறதென்று தெரியாமலே போகிறது. சீலிங்குக்குள் சுற்றின டேப் எத்தனை வருஷத்தில் பசை உருகி அவிழ்கிறதென்று, சுற்றிவிட்டுப் போகிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் முப்பது வருஷம் செய்தாலும் அது ஒரே வருஷத்தை முப்பது தரம் செய்த மாதிரிதான்.

யாரும் பார்க்கவில்லையென்றால், தாமதமாக வந்து பார்க்கும் அந்த ஆளாக நீங்களே ஆகிவிடுங்கள். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பள்ளிக்கூட நோட்டுதான். செய்த வீடு, தேதி, சந்தேகம் இருந்த இடம். வருஷத்துக்கு நாலைந்து வீட்டை அதிலிருந்து எடுத்து, போன் பண்ணி, சும்மா வந்து பார்க்கிறேன் என்று கேட்பேன். முதலில் சந்தேகப்படுவார்கள், காசு பிடுங்க வருகிறான் என்று. இலவசம் என்றால் இன்னும் சந்தேகப்படுவார்கள். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிடும்.

இந்தத் தடவை எடுத்தது 2009இல் போட்ட ஒரு வீடு. பாட்டி மட்டும் இருக்கிறார், பிள்ளைகள் கோலாலம்பூரில். மெயினை இறக்கி, மூடியைக் கழற்றினேன். உள்ளே பல்லி முட்டை மூன்று, தாள் மஞ்சளாகியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. ஒவ்வொரு திருகாக முடுக்கிப் பார்த்ததில், நியூட்ரல் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பட்டையான நியூட்ரல் பாரில் இரண்டு மட்டும் கால் சுற்று இறங்கின, மற்றதெல்லாம் அசையவில்லை. மெக்கர் போட்டேன், எண்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன, பயப்படும்படி இல்லை. பழைய எண்ணுக்குக் கீழே புது எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டினேன். நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன்: நியூட்ரல் பார், இரண்டு திருகு, கால் சுற்று. அதே வருஷம், அதே கம்பெனி பெட்டி போட்ட இன்னும் மூன்று வீடு இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அங்கே.